உலை கொதிக்கிற நேரத்தில் படித்த அம்மா



ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு எங்க ஊராட்சிக் கூட்டமைப்புல என்கிட்ட சொன்னாங்க. நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ. கல்யாணம் ஆன பிறகு பேனா பிடிச்சதே எங்க குழுவோட தீர்மானப் புத்தகம் எழுதத்தான். அதனால தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் எழுதப் போறது ராஸசுந்தரி தேவி என்கிற வங்காளத்து அம்மாவைப் பத்தி. வங்காளத்துல படிச்சவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். நம்ம பக்கம் அதிகம் பேருக்குத் தெரியாது. இந்த அம்மா ராணியும் இல்லை, போராட்டத்துக்குப் போனவங்களும் இல்லை. நம்மள மாதிரி அடுப்படியில நின்னவங்க. அதனாலதான் இவங்களை எடுத்துக்கிட்டேன்.

இவர் 1809-ஆம் வருஷம் வாக்கில் பாப்னா மாவட்டத்துல போதாஜியா என்கிற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போ வங்காள தேசத்துல இருக்கு. சின்னக் குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். அம்மாதான் வளர்த்தாங்க. ரொம்பப் பயந்த சுபாவம். கூட விளையாடுற பிள்ளைங்க அடிச்சாலும் வாய் திறந்து அழாத பொண்ணு.

அவங்க வீட்டு வெளிக்கட்டுல ஒரு பள்ளிக்கூடம் நடந்துச்சு. பையன்களுக்கு மட்டும்தான். ஒரு வெள்ளைக்கார அம்மா சொல்லிக் கொடுப்பாங்க. மத்த பிள்ளைங்க தொந்தரவு பண்ணாம இருக்கட்டும்னு இந்தப் பொண்ணை அங்கே கொண்டுபோய் உட்கார வச்சாங்க. படிக்க வைக்கிறதுக்காக இல்லை, சும்மா உட்காருறதுக்காகத்தான். பையன்கள் தரையில எழுத்து எழுதி சத்தம் போட்டுப் படிப்பாங்க. இந்தப் பொண்ணு வாய் திறக்காம பார்த்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் எழுத்து மனசுல தங்கிடுச்சு. அது யாருக்கும் தெரியாது. பத்து வயசு வாக்கில் வீடு தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடமும் அதோட போச்சு.

பன்னிரண்டு வயசுல கல்யாணம். மாப்பிள்ளை ஊர் பரித்பூர் பக்கம் ராம்தியா. படகுல ஏத்தி அனுப்பிட்டாங்க. போகிற இடத்துல ஒரு முகமும் தெரியாது, வழியெல்லாம் அழுகை. கணவர் வசதியானவர், நல்லவர்னுதான் அந்தம்மா பிற்பாடு எழுதியிருக்காங்க. மாமியாரும் அன்பாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா சீக்கிரமே மாமியார் நோய்ல படுத்து, வீட்டு வேலை முழுக்க இந்தப் பொண்ணு தலையில விழுந்துச்சு. அப்போ வயசு பதினாலு.

எவ்வளவு வேலை தெரியுமா? தினமும் இருபத்தஞ்சு பேருக்கு ரெண்டு வேளை சமையல். சாமிக்குப் படைக்கிறது தனி, கணவருக்குத் தனி, வர்ற விருந்தாளிக்குத் தனி. ஆளுங்க நிறைய உண்டு, ஆனா எல்லாம் வெளிவேலைக்குத்தான். உள்ளே இவங்க ஒருத்தர்தான். நெத்தியைத் தாண்டி முகத்தை மூடுற அளவுக்கு முக்காடு. யாரோடயும் பேசக் கூடாது. ஒரு தடவை எல்லாருக்கும் போட்டு முடிச்சுத் தான் சாப்பிட உட்காரும்போது ஒரு விருந்தாளி வந்தார். சோறு அவருக்குப் போச்சு. அடுத்து ஒண்ணு மாத்தி ஒண்ணு தடங்கல். ரெண்டு நாள் வயித்துல சோறு இறங்கலை. அந்த வீட்டுல ஒருத்தருக்கும் அது தெரியலை, இவங்களும் சொல்லலை.

எவ்வளவு பயம்னா, கணவரோட குதிரை ஒருநாள் முற்றத்துக்கு வந்து குவிச்சு வச்சிருந்த நெல்லைத் தின்னுச்சாம். கணவரோட குதிரை முன்னாடி எப்படிப் போறதுன்னு இவங்க உள்ளே ஒளிஞ்சுக்கிட்டாங்க! பிற்பாடு இதை நினைச்சு அவங்களே வெட்கப்பட்டிருக்காங்க. இதைப் படிச்சு நானும் சிரிச்சேன். அப்புறம், முதல் தடவை வங்கிக்குப் போனப்ப மேலாளர் அறை வாசல்ல எத்தனை நேரம் நின்னேன்னு ஞாபகம் வந்துச்சு. சிரிப்பு நின்னுடுச்சு.

பதினெட்டு வயசுல முதல் குழந்தை, நாற்பத்தொண்ணுல கடைசிக் குழந்தை. மொத்தம் பன்னிரண்டு. அதிலே பல பிள்ளைகளைக் கண்ணு முன்னாலேயே பறிகொடுத்தாங்க. அவங்க அம்மா சாகக் கிடந்தப்பகூட போய்ப் பார்க்க முடியலை. ஆம்பளையாப் பிறந்திருந்தா பறந்து போயிருப்பேனேன்னு கடைசி வரைக்கும் அந்த வருத்தம் இருந்துச்சு.

இப்படிப்பட்டவங்களுக்கு ஒரே ஒரு ஆசை. தானே புத்தகம் படிக்கணும். அதுவும் சைதன்ய பாகவதம் என்கிற பக்தி நூலைப் படிக்கணும். அந்தக் காலத்துல பொம்பளை படிச்சா விதவை ஆயிடுவாள்னு ஊரெல்லாம் நம்பினாங்க. பொம்பளைங்க கையில காகிதத்தைப் பார்த்தாலே பெரியவங்க திட்டுவாங்க. கல்கத்தாவுல பெத்யூன் பெண்கள் பள்ளி வந்ததே 1849-ல்தான். இவங்க ஆசைப்பட்டது அதுக்குப் பத்துப் பதினாலு வருஷம் முன்னாடி, ஒரு கிராமத்துல. அப்போ இவங்களுக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும்.

ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி கனவு வந்துச்சு. அன்னிக்கே கணவர் சமையல்கட்டுப் பக்கம் வந்து, மூத்த பையன் பிபின்கிட்ட, அந்தப் பாகவதம் இங்கே இருக்கு, கேட்கும்போது எடுத்துக்கொடுன்னு சொல்லிட்டுப் போனாராம். அடுப்பு முன்னால இருந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திடுச்சு. மெதுவாப் போய்ப் பார்த்தாங்க. எழுத்து தெரியாதே, எப்படி அடையாளம் கண்டாங்க? மேல் பலகையில இருந்த படத்தை வச்சுத்தான். அந்தக் காலத்துச் சுவடி, ஏடு ஏடாக் கழட்டலாம். அதுல ஒரே ஒரு ஏட்டை எடுத்தாங்க. சமையல்கட்டுல விறகுக்கு அடியில ஒளிச்சு வச்சாங்க. எட்டு வயசு பிபின் எழுத்துப் பழகுற பனையோலை ஒண்ணையும் எடுத்து அதோட சேர்த்து வச்சாங்க.

இனிமேதான் சகோதரிகளே, நான் சொல்ல வந்த விஷயம். அந்தம்மாவுக்கு உட்கார்ந்து படிக்க ஒரு மணி நேரம்கூட கிடையாது. பகல்ல சமையல், ராத்திரி கைக்குழந்தை. அதனால அடுப்புல ஏதாவது வெந்துக்கிட்டு இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல, ஏட்டை இடது கையில முக்காட்டுக்குள்ளே பிடிச்சுக்கிட்டு பார்ப்பாங்க. வெறுமனே பார்த்தா போதுமா? எழுத்து பிடிபடலை. அதனால ஒரு வழி வச்சுக்கிட்டாங்க. ஏட்டுல ஒரு எழுத்தைப் பார்ப்பாங்க. அதே எழுத்து பையனோட ஓலையில எங்கே இருக்குன்னு தேடுவாங்க. அது சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல கேட்ட எந்த எழுத்துன்னு நினைவுல தேடுவாங்க. அப்புறம் வீட்டுல மத்தவங்க பேசுற பேச்சுல அந்தச் சத்தம் எங்கே வருதுன்னு காது கொடுப்பாங்க. குழம்பு கொதிச்சா ஏடு விறகுக்கு அடியில போயிடும். மறுபடி நேரம் கிடைச்சா வெளியே வரும். கை வேலையா இருக்கும்போதும் மனசுக்குள்ளே அந்த எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும்.

இப்படியே நாள் கணக்கில்லாமப் போச்சு. சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இல்லை, சந்தேகம் கேட்கவும் முடியாது. கடைசியில தட்டுத் தடுமாறி சைதன்ய பாகவதத்தைப் படிச்சுட்டாங்க. அப்புறம் வீட்டுல இருந்த மத்த சுவடிகளையும் படிச்சாங்க. பின்னாடி விதவையான நாத்தனார்களுக்கு விஷயம் தெரிஞ்சப்ப, திட்டுவாங்கன்னு பயந்தாங்க. அவங்களோ சந்தோஷப்பட்டாங்களாம். அவங்களுக்கும் உள்ளுக்குள்ளே அதே ஆசை இருந்திருக்கு பாருங்க.

படிக்கத் தெரிஞ்சதே தவிர, எழுதத் தெரியாது. எழுதணும்னா பேனா, மை, காகிதம் எல்லாம் வேணும். அதை விறகுக்கு அடியில ஒளிக்க முடியுமா? பல வருஷம் போச்சு. கல்கத்தாவுல படிக்கப் போன மகன் கிஷோரிலால், தன் கடிதத்துக்கு அம்மாகிட்ட இருந்து பதிலே வரலைன்னு வருத்தப்பட்டு, காகிதம், பேனா, மை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள்ல கணவருக்குக் கண் வைத்தியம் பார்க்க, இன்னொரு மகன் வேலை பார்த்த ஊருக்குப் போய்த் தங்கினாங்க. அங்கே பெரிய குடும்பம் இல்லை, வேலை குறைவு. அந்த ஓய்வுல எழுதப் பழகிட்டாங்க.

படிச்சா தாலி போயிடும்னு சொன்னாங்களே, இவங்க படிக்கக் கத்துக்கிட்ட பிறகு முப்பது வருஷத்துக்கு மேல கணவர் உயிரோட இருந்தார்! அவர் போகும்போது இவங்களுக்கு அறுபதை ஒட்டின வயசு.

அப்புறம் தன்னோட வாழ்க்கையைத் தானே எழுதினாங்க. 'ஆமார் ஜீபன்', அதாவது என் வாழ்க்கைன்னு பேர். 1876-ல் புத்தகமா வந்துச்சு. வங்காள மொழியில முழு வாழ்க்கையையும் தானே எழுதின முதல் புத்தகம் இதுதான்னு சொல்றாங்க. பெரிய பெரிய எழுத்தாளர்கள் இருந்த மொழியில, அடுப்படியில எழுத்து பொறுக்கின ஒரு அம்மா முந்திக்கிட்டாங்க. எண்பத்தெட்டு வயசுல ரெண்டாம் பாகமும் எழுதினாங்க. 1899-ல் காலமானார்.

சகோதரிகளே, இதை ஏன் நம்ம மலர்ல எழுதறேன்னு கேட்பீங்க. எங்க குழுவுல பன்னிரண்டு பேர். அதுல ஆறு பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு குழு ஆரம்பிச்சப்ப பேர் எழுதப் பழகினோம், அது நமக்கெல்லாம் பெருமை. ஆனா அதோட விட்டுட்டோம். ராஸசுந்தரி அம்மாவுக்குப் படிக்கத் தெரிஞ்சு எழுதத் தெரியாம இருந்துச்சு. நமக்கு எழுதத் தெரியுது, எழுதினதுக்கு மேலே என்ன இருக்குன்னு படிக்கத் தெரியலை.

எங்க உறுப்பினர் ஒருத்தர் வெளியில ஒருத்தங்க கொண்டுவந்த தாள்ல, தெரிஞ்சவங்கதானேன்னு கையெழுத்துப் போட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு வீட்டு வாசல்ல ஆள் வந்து நின்னப்பதான், அடுத்தவங்க கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கோம்னு தெரிஞ்சது. அவங்க தோடு அடகுக்குப் போச்சு. தீர்மானப் புத்தகம் எழுதுறவ நான். என்னைக் கேட்டிருந்தா படிச்சுச் சொல்லியிருப்பேனேன்னு அவங்ககிட்ட கோபப்பட்டேன். அப்புறம் யோசிச்சேன். ஒவ்வொரு தாளுக்கும் என்னைத் தேடி வர முடியுமா? நானும் இத்தனை வருஷத்துல ஒருத்தருக்காவது ஒரு எழுத்து சொல்லிக் கொடுத்தேனா?

கிளை நூலகத்துல இந்த அம்மாவைப் பத்திப் படிச்ச பிறகு எங்க வீட்டுலயே ஆரம்பிச்சேன். என் மாமியாரும் எங்க குழுதான், அறுபது வயசு தாண்டினவங்க. நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து ஆடு பார்க்கிறவங்க. உட்கார்ந்து படிங்க அத்தைன்னா சிரிப்பாங்க. அதனால சாயங்காலம் உலை வச்சு அரிசி போட்டதுல இருந்து சோறு வடிக்கிற வரைக்கும், அவ்வளவுதான் நேரம்னு பேசிக்கிட்டோம். புத்தகம் எல்லாம் வேண்டாம், அவங்க சேமிப்புப் புத்தகத்தோட முதல் பக்கம் மட்டும் போதும். அதுல இருக்கிறது அவங்க பேரு, எங்க ஊர்ப் பேரு, குழுப் பேரு. வாயால தெரிஞ்சதைக் கண்ணால தேடுறது. அந்தப் பக்கம் முடியவே ரெண்டு மாசம் ஆச்சு. நடுவுல சுணங்கிப்போய் விட்ட நாளும் உண்டு, விட்ட வாரமும் உண்டு. மறுபடி உலை வைக்கத்தானே வேணும், அப்போ மறுபடி தொடங்கினோம். அடுத்து ரேஷன் அட்டை, அடுத்து பஸ் போர்டு.

இப்பவும் அத்தையால ஒரு பக்கம் சரளமாப் படிக்க முடியாது. கூட்டெழுத்து வந்தா நின்னுடுவாங்க. ஆனா போன மாசக் கூட்டத்துல தீர்மானப் புத்தகத்தை நான் நீட்டினப்ப, வழக்கம்போல பேனாவை வாங்கலை. புத்தகத்தை வாங்கி மடியில வச்சுக்கிட்டு, விரலை வச்சு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாங்க. கடன் வாங்கினவர் பேரு, தொகை, தவணை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம், ஆனா யாரும் எழுந்திரிக்கலை. ஒரு இடத்துல நான் தொகையை எழுத்தால எழுத மறந்திருந்தேன். அதையும் கண்டுபிடிச்சு என்னை எழுத வச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.

தோடு அடகு வச்ச சகோதரியும் இப்போ அவங்க வீட்டு உலை கொதிக்கிற நேரத்துல ஆரம்பிச்சிருக்காங்க. உங்க குழுவுலயும் ஆரம்பிங்க. ஒரே ஒரு தாள் போதும்.



இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி