ஹாரி மார்ஷல் வார்டு

ஹாரி மார்ஷல் வார்டு (மார்ச் 21, 1854 – ஆகஸ்ட் 26, 1906) ஓர் ஆங்கிலேயத் தாவரவியலாளர். தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவர். இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை நேரில் ஆராய்ந்து, அதனை உண்டாக்கும் பூஞ்சையின் வாழ்க்கையை விளக்கியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஒரு பூஞ்சை ஒரு பயிரைத் தாக்கிவிட்டு அதன் நெருங்கிய இனத்தை ஏன் தாக்காமல் விடுகிறது என்ற கேள்விக்கு, இலையின் புற அமைப்பில் அன்றி உயிரணுவின் உள்ளேயே விடை இருப்பதாகக் காட்டியவரும் இவரே. நோய் உண்டாக்கும் பூஞ்சைகளில் எந்த மரபணு எப்போது இயங்குகிறது என்பதைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் அதே கேள்வியின் தொடர்ச்சியாகும்.

இளமையும் கல்வியும்

வார்டு இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் மார்ஷல் வார்டு இசைக் கலைஞர். 1870களின் நடுப்பகுதியில் லண்டனின் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹக்ஸ்லியின் வகுப்புகளில் பயின்ற வார்டு, பின்னர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து 1879இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் தாவர உடலியல் அறிஞர் யூலியஸ் சாக்சிடம் சிறிது காலம் பயிற்சி பெற்றார்.

இலங்கையில் (1880–1882)

காப்பி (இலங்கை வழக்கில் கோப்பி) அக்காலத்தில் இலங்கையின் முதன்மை ஏற்றுமதிப் பயிராக இருந்தது. 1869இல் அங்குள்ள காப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனை தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்லி, அவற்றிலிருந்த பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் பாதி வழுவழுப்பானது என்றும், இரண்டாவது சொல் பேரழிவு செய்வது என்றும் பொருள்படும். அதன் வித்திகளின் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள் போன்ற முனைப்புகளுடனும் இருக்கும். பின்னாளில் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போது இரண்டாவது சொல்லும் பொருத்தமானதே.

நோய் பத்தாண்டுகளில் தீவின் காப்பி நிலங்கள் அனைத்திலும் பரவியது. மண் வளம் குன்றியதாலும் பருவநிலையாலும் செடிகள் தளர்ந்தன என்றும், பூஞ்சை அத்தளர்ச்சியின் விளைவே என்றும் தோட்ட முதலாளிகள் பலர் நம்பினர். உரமிட்டால் சரியாகிவிடும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. இந்நிலையில்தான் 1880இல் 25 வயதான வார்டை, பூஞ்சை முதலிய பூவாத் தாவரங்களின் ஆய்வாளராக அரசு இலங்கைக்கு அனுப்பியது.

பேராதனையைத் தளமாகக் கொண்டு அவர் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். பூஞ்சையின் வித்தி ஈரமான இலைப்பரப்பில் முளைத்து, அதன் முளைக்குழாய் இலையின் அடிப்பக்கத்திலுள்ள இலைத்துளை வழியாக உள்ளே நுழைவதைக் கண்டார். உள்ளே சென்ற இழைகள் உயிரணுக்களுக்கு இடையே கிளைத்து, சிறிய உறிஞ்சுறுப்புகளை உயிரணுக்களுக்குள் செலுத்தி உணவைப் பெறுகின்றன. சில வாரங்களில் அதே இடத்திலிருந்து புதிய வித்திகள் கொத்தாக வெளிப்படுகின்றன. நலமான இலைகளில் வித்திகளை இட்டு நோயை உண்டாக்கியும் காட்டினார். நல்ல ஊட்டமுள்ள செடியும் நோய்க்கு உள்ளானதால், பூஞ்சை நோயின் விளைவு அன்று, காரணமே என்பது ஐயமற உறுதியாயிற்று. தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, வித்திகள் காற்றில் பரவுவதையும் மெய்ப்பித்தார்.

இவற்றிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். இழைகள் இலைக்குள் புகுந்த பின் வெளியே தூவும் மருந்தால் பயனில்லை. வித்தி முளைக்கும் முன்போ முளைக்கும்போதோ மருந்து இலையின் மீது இருக்க வேண்டும். இது ஒன்று. மலைச்சரிவு முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நடுவது பூஞ்சைக்கு முடிவற்ற உணவுப் பரப்பைத் தருவதாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இன்றும் தாவர நோயியலின் அடிப்படைப் பாடங்கள்.

ஆனால் முதலாளிகள் கேட்டது மருந்து. வார்டிடம் அது இல்லை. அவருடைய அறிக்கைகள் தோட்டங்களைக் காப்பாற்றவில்லை என்பதால் அவரது பணியைத் தோல்வியாகக் கருதுவது பொருந்தாது. துரு நோய்க்குப் பயன்பட்டிருக்கக்கூடிய போர்தோ கலவை பிரான்சில் வெளியுலகுக்குத் தெரிய வந்ததே 1885இல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பித் தொழிலுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் வீழ்ந்தது. சிறிது காலம் சின்கோனா பயிரிடப்பட்டு, பின்னர் மலையகம் தேயிலைக்கு மாறியது.

இம்மாற்றம் தமிழர் வரலாற்றையும் தொட்டது. காப்பி அறுவடைக்காக அன்றைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆட்கள் தேவை. எனவே அவர்கள் குடும்பங்களாக லயன்களில் நிலையாகத் தங்கினர். இன்றைய மலையகத் தமிழர் சமூகம் உருவானதில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்தில்

1882இல் நாடு திரும்பிய வார்டு மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் பணியாற்றினார். 1885இல், இந்தியாவுக்கான பொறியாளர்களும் வன அலுவலர்களும் பயின்ற கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். அவரைச் செடிகளில் வேர்முடிச்சுகள், மண்ணிலிருந்து வேர்த்தூவிகள் வழியாகப் புகும் நுண்ணுயிரால் உண்டாவதை 1887இல் விளக்கினார். இஞ்சி பீர் தயாரிக்கப் பயன்படும் நொதிப்பொருள் ஒரு நொதிமமும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்பதை 1892இல் காட்டினார். 1888இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1893இல் அதன் அரச பதக்கத்தைப் பெற்றார்.

1888இல் வெளியான லில்லிச் செடியின் நோய் பற்றிய ஆய்வு இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அந்நோயை உண்டாக்கும் போட்ரைடிஸ் வகைப் பூஞ்சை, செடியின் உயிரணுச் சுவரைக் கரைக்கும் நொதியைச் சுரந்து வழி ஏற்படுத்திக்கொள்கிறது என்று வார்டு கண்டறிந்தார். இத்தகைய நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் எப்போதும் ஒரே அளவில் இயங்குவதில்லை என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. எளிதில் உண்ணக்கூடிய குளுக்கோசு கிடைக்கும்போது அவை அடக்கப்படுகின்றன. உயிரணுச் சுவரின் பொருட்களை எதிர்கொள்ளும்போது தூண்டப்படுகின்றன.

கேம்பிரிட்ஜும் புல்துரு ஆய்வுகளும்

1895 முதல் இறக்கும் வரை வார்டு கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். புரோமஸ் புல்லினங்களைத் தாக்கும் துருப்பூஞ்சை பற்றி அங்கு அவர் செய்த ஆய்வுகளே அவருடைய கடைசிப் பெரும்பணி. ஓர் இனத்தில் வளர்ந்த துரு, அதன் நெருங்கிய இனத்தில் வளர மறுப்பதுண்டு. இலைத்துளைகளின் எண்ணிக்கை, அளவு, மயிர்கள், இலைத் தடிப்பு ஆகியவற்றை அளந்து பார்த்த அவர், இவற்றுக்கும் எதிர்ப்புத் தன்மைக்கும் தொடர்பில்லை என்று கண்டார். எதிர்க்கும் இலைக்குள்ளும் பூஞ்சை நுழைகிறது. நுழைந்த பின்னரே தடுக்கப்படுகிறது. ஆகவே இரு உயிர்களும் சுரக்கும் நொதிகள், நச்சுகள் போன்றவற்றின் போராட்டமே முடிவைத் தீர்மானிப்பதாகக் கருதினார்.

துரு நோய் விதையின் உயிர்ப்பொருளில் மறைந்து வாழ்கிறது என்ற சுவீடன் அறிஞர் எரிக்சனின் கொள்கையையும் நுண்ணோக்கிச் சான்றுகளால் மறுத்தார். அவருடைய கருத்துகள் எல்லாமே நிலைத்துவிடவில்லை. ஒரு துரு, இடைப்பட்ட புல்லினத்தைப் பாலமாகக் கொண்டு புதிய இனத்தைத் தாக்கப் பழகும் என்ற அவரது பாலக் கொள்கையை அமெரிக்க அறிஞர் ஸ்டாக்மனும் உடன் பணியாற்றியோரும் பின்னர் ஏற்க மறுத்தனர். பூஞ்சை பழக்கத்தால் மாறுவதில்லை, மரபியல் வேறுபாடுகளைக் கொண்ட இனக்கூறுகளே உள்ளன என்பது அவர்களின் முடிவு.

விடையின் மறுபாதி வார்டின் துறையிலேயே பயிற்றுநராக இருந்த ரோலண்ட் பிஃபெனிடமிருந்து வந்தது. கோதுமையின் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டலின் விதிகளின்படி மரபுவழி செல்வதை அவர் 1905இல் வெளியிட்டார். வார்டு அதற்கு அடுத்த ஆண்டில், தமது 52ஆம் வயதில் டார்கே நகரில் காலமானார். தாவரங்களைத் தேடி ஆசிய மலைகளில் பயணம் செய்த பிராங்க் கிங்டன்-வார்டு இவருடைய மகனாவார்.

பிற்கால ஆய்வுகள்

1940களில் ஹரால்டு பிளோர் என்ற அமெரிக்கர், ஆளிச் செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாகத் துருப்பூஞ்சையில் ஒரு மரபணு உண்டு என்று காட்டினார். காப்பிக்கும் இது பொருந்தும் என்பதை 1955இல் போர்ச்சுகலின் ஓயிராசில் நிறுவப்பட்ட காப்பித் துரு ஆய்வு மையம் கண்டறிந்தது. வார்டு வரைந்து காட்டிய உறிஞ்சுறுப்புகள், பயிரின் தற்காப்பை அடக்கும் புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துபவை என்பது இன்று தெரிந்துள்ளது. வித்தி முளைக்கும்போது ஒரு தொகுதி மரபணுக்களும், இலைத்துளையில் நுழையும்போது வேறொரு தொகுதியும், உறிஞ்சுறுப்பு உருவானபின் மற்றொன்றும் இயங்குகின்றன. அப்புரதங்களுள் ஒன்றைச் செடி அடையாளம் கண்டுகொண்டால் பூஞ்சை தடுக்கப்படுகிறது. அந்தப் புரதம் மாறினாலோ, அதன் மரபணு இயங்காமற் போனாலோ பழைய எதிர்ப்பு பயனற்றதாகிவிடுகிறது.

காப்பித் துரு 1970இல் பிரேசிலை அடைந்தது. 2012இல் நடு அமெரிக்க நாடுகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. கோதுமையின் தண்டுத்துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைப் பார்பெரிச் செடியில் கழிப்பது போல, காப்பித் துருவுக்கும் இரண்டாவது ஓம்புயிர் இருக்கலாம் என்று வார்டு தேடினார். குளிர்கால வித்திகளை அவர் கண்டுபிடித்து முளைக்கவும் வைத்தார். ஆனால் அவற்றிலிருந்து தோன்றிய சிறு வித்திகள் காப்பியில் தொற்றவில்லை. அந்த இரண்டாவது செடி எது என்பது இதுவரை கண்டறியப்படவில்லை.