குன்னூரில் எலி வளர்த்த மருத்துவர்

உண்ணும் பொருளுக்கும் உடலின் நோயெதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாலன்றிச் சோதனையால் அறிய முயன்ற மருத்துவர் சிலருள் சேர் றொபேட் மெக்கரிசன் தலையாயவர். அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்தவராயினும், தம் ஆய்வுகளுட் பெரும்பாலானவற்றைத் தமிழ்நாட்டு நீலகிரியின் குன்னூரிலே நிகழ்த்தியவராதலின் அவர் நமக்கு முற்றும் அயலார் அல்லர். அவர் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பரிலே, கொள்ளைநோய் நாட்டை வாட்டியபோது, தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைப் பெறுவதற்குக் கேகாலையில் மக்கள் ஆயிரக்கணக்கிற் கூடினர். எங்கள் கல்முனைக் கடைத்தெருவிலும் கருஞ்சீரக எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் அந்நாளிற் கிடைத்த மதிப்பு சொல்லி முடியாது. எதனோடு ஒப்பிட்டு இதனை அறிந்தீர் என்று கேட்டவர் அரியர். மெக்கரிசன் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டது அக்கேள்வியையே.

அவர் பிறந்தது 1878இல். பெல்பாஸ்ற் நகரிற் பயின்று 1900இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து வடமேற்கு மலைநாட்டை அடைந்தார். ஆங்கே கில்கித் என்னுமிடத்திற் கழுத்துக்கழலை நோய் மலிந்திருந்தது. ஒரே நீரோட்டத்தை அடுத்தடுத்துப் பயன்படுத்திய ஊர்களுள் மேலூரில் நோய் குறைவு. கீழே செல்லச் செல்ல மிகுதி. நீரே காரணம் என்று எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவரோ அந்நீரை வடித்தெடுத்த வண்டலைத் தாமும் உண்டு, இசைந்து முன்வந்த இளைஞர்க்கும் ஊட்டினார். வேறு சிலர்க்கு அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். கொதிக்காததை உண்டவருட் சிலர்க்குக் கழுத்து வீங்கிற்று, மற்றவர்க்கு வீங்கவில்லை. நீரில் வாழும் கிருமியொன்றே நோய்க்கு வேர் என அவர் முடிவு கட்டினார்.

இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். கழலைக்குத் தலையாய காரணம் அயடீன் குறைவே என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்த செய்தி. ஒப்பீடு செம்மையாக இருந்தும் முடிவு உண்மையின் ஓரத்தைத்தான் தொட்டது. நல்ல சோதனையும் தான் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும். கேளாத வினாவுக்குத் தராது.

பின்னர்க் குன்னூருக்கு வந்தார். உலகப் போர் இடையிட்டமையால் 1918இலேதான் பணி நிலைபெற்றது. தீட்டிய அரிசியையும் சத்தழியச் சூடாக்கிய உணவையும் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்து, அவை இறந்தபின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நெஞ்சினுள் இருக்கும் தைமசுச் சுரப்பி சுருங்கிக் கிடந்தது. குடலின் சுவர் மெலிந்து கிருமிகளுக்கு வழிவிட்டிருந்தது. நோயைத் தடுத்து நிற்கும் ஆற்றலுக்கு அச்சுரப்பி எத்துணை இன்றியமையாதது என்பது 1960களிலேதான் உலகுக்கு விளங்கிற்று. உணவுக் குறை அதனைத் தாக்கும் என்பதை நாற்பதாண்டு முன்னரே இவர் கண்ணாற் கண்டு, 1921இல் வெளிவந்த தம் நூலிற் பதிந்தமை பெருஞ் செயலே. ஆயினும் 1923இற் சிக்கனம் கருதி அரசு அவ்வாய்வை நிறுத்திவிட்டது! இரண்டாண்டுகளின் பின்னரே மீண்டும் தொடங்க முடிந்தது.

பின்பு வந்தன எலிகள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளெலிகளுக்குச் சீக்கியர் உண்பது போன்ற உணவைக் கொடுத்தார்: முழுக்கோதுமை உரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சை மரக்கறி, இடையிடையே இறைச்சி. இரண்டாண்டுக்கு மேலாகியும் அவற்றிடையே நோய் தோன்றவில்லை. இங்கிலாந்தின் வறியோர் உணவாகிய வெள்ளைப் பாண், மாஜரீன், தகரத்தில் அடைத்த இறைச்சி, சீனியிட்ட தேநீர் முதலியவற்றை உண்ட எலிகளோ நலிந்தன. ஒன்றையொன்று கடித்துத் தின்னவும் தலைப்பட்டன. இந்தியாவின் பல பகுதியார் உணவுகளை ஒப்பிட்டபோது சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியை முதலாகக் கொண்ட வங்காளத்தார், சென்னையார் உணவுகள் கடைவரிசையில் நின்றன.

ஒரே கூட்டிற் பத்துப் பொருள் ஒருங்கே மாறும்போது நன்மை செய்தது பாலா, பருப்பா, கீரையா என்று பிரித்தறிவது எங்ஙனம்? அன்றியும் எலி மனிதன் அன்று. முழு உணவின் தகுதியையே அவர் பேசினார். ஒரு தனிப்பொருளுக்கு அச்சான்றைக் கூறுபோட்டு வழங்கியவர் பின்வந்தோர். ஹன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடல்வலிமையை அவர் வியந்து எழுதியிருந்தார். அவ்வியப்பு எனக்குச் சற்று மிகையாகவே படுகின்றது. ஆங்கு அவர் எண்ணிக்கை எடுத்து ஒப்பிட்டாரல்லர். அதனைப் பற்றிக்கொண்டு, வாதுமை இனப் பழமாகிய அப்ரிகொட்டை உண்டு நூறாண்டு வாழ்பவர் அம்மக்கள் என்னும் கதை மேலைநாடுகளிற் பரவிற்று. 1950களில் ஆங்கு தங்கிய ஜோன் கிளாக் என்னும் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் நோயாளர் பலருக்கு மருந்து கொடுக்க நேர்ந்தது வேறு கதை.

1933இற் சேர் பட்டம் பெற்று, 1935இல் ஓய்வுற்று, 1960இல் ஒக்ஸ்போட்டில் மறைந்தார். அவர் வளர்த்த ஆய்வுநிலையம் அவர் வாழ்நாளிலேயே, 1958இல், ஹைதராபாத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

அவர் எலியிடம் கேட்ட வினா பின்னர் மனிதரிடமே கேட்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வறிய சிறார் பதினையாயிரவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் உயிர்ச்சத்து ஏ சிறிதளவு கொடுத்தனர். அப்பிரிவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 1990இல் அறிவித்தனர். பெற்றவர் அச்சத்துக் குறைந்திருந்த சிறார் என்பதை மறத்தலாகாது. வயிறார உண்டு வாழ்பவர் மேலும் விழுங்கினால் என்னாகும் என்பதை அவ்வாய்வு கேட்கவேயில்லை. அதே ஆண்டில், ஆறு திங்களுக்கொருமுறை பேரளவாக அச்சத்தைக் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. அதில் இரு பிரிவாரின் இறப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. காணவில்லை என்பதை மறையாது எழுதி வெளியிட்டது ஹைதராபாத் நிலையம்; மெக்கரிசன் குன்னூரிலே தொடங்கிவைத்த அதே நிலையம்.