பழுது பார்ப்போரை வணங்கிய பாண்டியர்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலைக் கடப்போரைக் குற்றால மலைக்காற்று எதிர்கொள்ளும். அந்தக் காற்றுக்காகவே கோயிலை நினைவில் வைத்திருப்போர் பலர். அதை எழுப்பிய பராக்கிரம பாண்டியரின் வாழ்வும் நினைவுகூரத் தக்கது என்று கருதுகிறேன்.

1311-இல் மாலிக் கபூரின் படையெடுப்பு, பின்னர் சுல்தான்களின் ஆட்சி, அதன்பின் விஜயநகரத்தின் மேலாதிக்கம் எனப் பதினான்காம் நூற்றாண்டில் மதுரை பாண்டியரின் கையைவிட்டுப் போனது. தலைநகரை இழந்த அம்மரபினர் தெற்கே நகர்ந்து நெல்லைச் சீமையில் நிலைகொண்டனர். 1422-இல் பராக்கிரம பாண்டியர் அரியணை ஏறியபோது, முன்னோர் ஆண்ட பரப்பில் சிறு பகுதியே எஞ்சியிருந்தது.

எனினும், குற்றால மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாற்றின் கரையில் 1446-இல் அவர் பெருங்கோயில் ஒன்றைத் தொடங்கினார். வடக்கே உள்ள காசிக்குச் செல்ல இயலாதோருக்குத் தெற்கே ஒரு காசி அமைந்தது. ஊரின் பெயரும் அதுவே ஆயிற்று. 1463-இல் அவர் மறைந்தபோது இராசகோபுரம் முற்றுப்பெறவில்லை. தம்பி குலசேகர பாண்டியர் அப்பணியை நிறைவு செய்தார்.

பராக்கிரமரின் பெருமையைக் கோபுரத்தின் உயரத்தில் மட்டும் நான் காணவில்லை. காலத்தால் இக்கோயில் பழுதுறும்போது அதைச் சீர்செய்து காப்போரின் அடிகளைத் தாம் வணங்குவதாக அவர் கல்லில் பொறித்து வைத்தார். பிறக்காத மனிதர்களை முடிமன்னர் ஒருவர் முன்கூட்டியே வணங்கியிருக்கிறார். கைவிட்டுப்போன மதுரையின் நினைவு, எந்தக் கட்டுமானமும் நிலையற்றது என்பதை அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த மரபினர் கட்டியதோடு காத்ததற்கும் வரலாற்றில் சான்று உண்டு. மத்திய ஆசியாவிலிருந்து வந்த சகர் மரபில் தோன்றிய ருத்ரதாமன், மௌரியர் காலத்தில் வெட்டப்பட்டுப் பெருமழையில் உடைந்த சுதர்சன ஏரியைக் கி.பி. 150 வாக்கில் செப்பனிட்டார். அதற்கெனக் குடிகள்மீது புதிய வரி சுமத்தவில்லை என்று ஜுனாகத் கல்வெட்டு பதிவு செய்கிறது. பிறர் வெட்டிய ஏரியைக் காத்த அம்மன்னரைப் போன்றோரைத்தான் பராக்கிரமர் வணங்கினார்.

அவர் அஞ்சியது நடந்தது. கோபுரம் எரிந்து, பிளந்து, பல பத்தாண்டுகள் மொட்டையாகவே நின்றது. பக்தர்கள், கொடையாளர்களின் முயற்சியால் மீண்டும் ஒன்பது நிலைகளுடன் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கல்வெட்டில் சொன்ன வணக்கம் ஐந்து நூற்றாண்டுகள் கடந்து உரியவர்களைச் சேர்ந்தது.

இன்று அடிக்கல் நாட்டு விழாவுக்கு இருக்கும் ஆர்வம் பராமரிப்புக்கு இல்லை. திறந்து வைத்தவரின் பெயர் சலவைக்கல்லில் மின்னுகிறது. ஏரியைத் தூர்வாரியவரும், விரிசலை அடைத்தவரும் பெயரற்றுப் போகிறார்கள். கோயிலோ குளமோ பள்ளிக்கூடமோ, கட்டும்போதே அதைக் காப்பதற்கான நிதியையும் ஆட்களையும் ஒதுக்குவதே அந்தக் கல்வெட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.