கிறெகரி சீமாட்டியாரும் அபி நாடக அரங்கும்

நுவரெலியாவிலுள்ள கிறெகரி ஏரியைக் கண்டு களியாதார் நம்மவருள் மிகச் சிலரே. 1872 முதல் 1877 வரை இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிக் கொழும்பு நூதனசாலையைத் தாபித்த சேர் வில்லியம் கிறெகரியின் பெயரை அவ்வேரி தாங்கி நிற்கின்றது. அவருடைய இரண்டாம் மனைவியாராகிய ஒகஸ்ரா கிறெகரி சீமாட்டியாரை அறிந்தோரோ நம்மிடையே அத்துணைப் பலரல்லர். தேசாதிபதி ஓர் ஏரியிலே தம் பெயரை நிறுத்திச் சென்றார். அம்மையார் ஒரு நாட்டின் நாடகக்கலையிலே தம் உழைப்பை நிறுத்திச் சென்றார்.

அம்மையார் 1852ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேற்கிலுள்ள கோல்வேப் பகுதியில், பெருநிலக்கிழார் குடும்பமொன்றிற் பிறந்தார். 1880இல் தம்மினும் முப்பத்தைந்து ஆண்டு மூத்தவரான சேர் வில்லியத்தை மணந்து, அவருடன் இலங்கை, இந்தியா, எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்றார். 1892இற் கணவர் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஒரே மகன் றொபேட் பள்ளிச் சிறுவன். அம்மையார் மனஞ் சோர்ந்து மூலையில் ஒதுங்கினாரல்லர். ஐரிசு மொழியைப் பயின்றார். குடிசைதோறுஞ் சென்று ஏழைமக்கள் வாய்மொழியாக வழங்கிய கதைகளைத் திரட்டினார். அக்குடிமக்களின் பேச்சு நடையே பின்னர் அவருடைய நாடகங்களுக்கு உயிராயிற்று.

1897இல் அம்மையாரும், கவிஞர் யேற்சும், எட்வேட் மாட்டின் என்பவரும் கூடி, அயர்லாந்து மக்களின் வாழ்வைக் காட்டும் நாடகங்களை அந்நாட்டிலேயே அரங்கேற்றுதல் வேண்டுமென்று துணிந்தனர். 1899இல் முதல் நாடகங்கள் மேடையேறின. பகலில் வேறு தொழில் செய்து மாலையில் நடித்துப் பழகிய உள்ளூர் இளைஞர் குழுவொன்று பின்னர் இம்முயற்சியுடன் இணைந்தது. ஹோனிமன் என்னும் ஆங்கிலப் பெண்மணி பொருளுதவி புரிய, 1904 டிசெம்பர் 27இல் டப்ளின் நகரில் அபி அரங்கு திறக்கப்பட்டது. அரசாங்க அனுமதிப் பத்திரம் அம்மையார் பெயரிலேயே வழங்கப்பட்டது. ஒரு சிறு செய்தி வாய்க்கு வாய் வளர்ந்து, நடவாத கொலையொன்றாக மாறுவதை நகைச்சுவையுடன் காட்டும் அவருடைய நாடகமும் அன்றிரவு நடிக்கப்பட்டது.

அது முதல் அவ்வரங்கே அம்மையாரின் வாழ்வாயிற்று. நாடகங்களை எழுதினார், பிறர் அனுப்பியவற்றைப் படித்துத் திருத்தங் கூறினார், பணந் திரட்டினார், பூசலிட்டோரை இணக்கினார், நடிகர்க்கென்று தம் ஊரிலிருந்து பெரிய கேக்குகளையும் சுமந்து வந்தார். 1919இல், தமது அறுபத்தேழாவது வயதில், தாமே மேடையேறி நடிக்கவுஞ் செய்தார்.

இடையூறுகளும் குறைவில. 1907இற் சிங் என்பாரின் நாடகம் தம் இனத்தை இழிவுபடுத்துகின்றதெனக் கருதிய மக்கள் அரங்கினுள்ளே கலகம் விளைத்தனர். அந்நாடகம் அம்மையாரின் மனத்திற்கு உவப்பானதன்று; ஆயினும் அதனை நடிக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுத்தாரில்லை. 1909இல், இங்கிலாந்திலே தடைசெய்யப்பட்ட பேர்னாட் ஷாவின் நாடகமொன்றை நடித்தால் அனுமதிப் பத்திரம் பறிக்கப்படுமென்று ஆட்சியாளர் அச்சுறுத்தியும், அதனை அரங்கேற்றினார். 1910இல் ஹோனிமனின் உதவி நின்றது. அடுத்த ஆண்டு நடிகர்களுடன் அமெரிக்கா சென்றார். அங்கே பிலடெல்பியா நகரில் நடிகர்கள் கைது செய்யப்பட்டபோதும் அவர் தளர்ந்தாரல்லர். 1918இல் மகன் றொபேட் இத்தாலியப் போர்முனையில் விமானியாக உயிர்துறந்தான். அத்துயரையும் நெஞ்சிலே தாங்கிக்கொண்டு தம் கடமைக்கு மீண்டார்.

தாம் இல்லாத காலத்திலும் அரங்கு வாழ்தல் வேண்டுமென்பதே அவருடைய முதுமைக்காலக் கவலையாயிருந்தது. அவரும் யேற்சும் அரங்கை நாட்டுக்கே உரிமையாக்க முன்வந்தனர். 1925இல் புதிய ஐரிசு அரசாங்கம் ஆண்டுக்கு 850 பவுண் நன்கொடை அளித்தது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே அரச நிதியுதவி பெற்ற முதலரங்கு இதுவேயாகும். ஆயின், அரசாங்கத்தின் சார்பிற் சபையில் அமர்ந்தவர் ஷோன் ஓகேசியின் புதிய நாடகத்திற் சில பகுதிகளை நீக்குமாறு வற்புறுத்தியபோது, பணத்திற்காகச் சுதந்திரத்தை இழப்பதினும் பணத்தை இழத்தலே மேல் என்னும் நிலையில் அம்மையார் உறுதியாய் நின்றார். 1926இல் அந்நாடகம் மேடையேறியபோதும் கலகம் எழுந்தது, நாடகமோ நிலைத்தது. கூலித் தொழிலாளியாயிருந்த ஓகேசிக்கு, பாத்திரப் படைப்பே அவருடைய ஆற்றலென்று முன்னர் எடுத்துக்காட்டி ஊக்கமளித்தவரும் அம்மையாரே.

1928இல், எழுபத்தாறாவது வயதில், நோயுற்ற உடலுடன் அரங்கின் ஆட்சிப் பொறுப்பினின்றும் விலகினார். அவ்வாண்டு ஓகேசியின் அடுத்த நாடகத்தைச் சபை மறுத்தது. அம்மறுப்பிற்கு உடன்பட்டமை குறித்துப் பின்னர் அவர் வருந்தினார். ஓகேசியின் நட்பு முறிந்தமை அவருக்குப் பெருந்துயராயிற்று. தாம் பேணிய கூல் மாளிகையும் அதற்கு முந்திய ஆண்டே அரசாங்கத்திற்கு விற்கப்பட்டிருந்தது; அதிலே வாடகைக்கு இருந்தே தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். ஓய்விலும் ஓய்ந்தாரல்லர். கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது மாண்ட தம் மருமகன் ஹியூ லேன் சேர்த்த ஓவியங்களை டப்ளினுக்கு மீட்கும் முயற்சியை இறுதிவரை தொடர்ந்தார். அது குறித்த முதல் உடன்பாடு 1959இலேயே கைகூடிற்று. 1932 மே 22இல், எண்பதாவது வயதில், கூலில் அம்மையார் இயற்கை எய்தினார்.

1941இல் அம்மாளிகை இடிக்கப்பட்டது. 1951இல் அபி அரங்கின் கட்டடமும் தீக்கிரையாயிற்று. எனினும் நாடகக் குழு கலையவில்லை. வேறோர் அரங்கிலே தொடர்ந்து நடித்து, 1966இற் பழைய இடத்திலேயே எழுந்த புதிய அரங்கினுட் புகுந்தது. கல்லும் மரமும் அழிந்த பின்னரும் அந்நிறுவனம் வாழ்ந்ததற்குக் காரணம், அதனை ஒருவர் நிழலிலே மட்டும் வளரவிடாது, இளையோர் கையிலும் நாட்டின் பொறுப்பிலும் ஒப்படைத்தமையேயாம். ஒரு நிறுவனத்தின் விழாவைக் கொண்டாடும் நாம், அதனைத் தோற்றுவித்தோரை மட்டுமன்றி, உரிய காலத்தில் அதனைப் பிறர் கையில் நல்கி விலகிய பெரியோரையும் நினைத்தல் கடனாகும். தொண்டின் தொடக்கம் அரிது. அதனினும் அரிது, தாம் விலகிய பின்னும் அது நிலைக்கும்படி செய்தல்.