கப்பலுக்குப் பொருள் திரட்டிய வ.உ.சிதம்பரனார்

பொதுக்காரியம் ஒன்றுக்காகப் பொருள் திரட்டப் புறப்படுவோர், வசதி படைத்தவர்களின் வாசலில் என்ன சொல்லி நிற்பது என்று தயங்குவது இயல்பு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமது தூத்துக்குடியில் இதற்கு விடை கண்டவர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டது கப்பலுக்கு!

வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார்கள். வழக்கறிஞர் தேர்வில் தேறி, 1900இல் தூத்துக்குடியில் குடியேறினார்கள். கொழும்புப் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் தோணிகளே கொண்டு சேர்த்தன. தோணி நம்மவருடையது, கப்பல் அந்நியருடையது என்பதே அன்றைய நிலை.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியக் கண்டத்தவர் மட்டுமே பங்கு வாங்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். தேச பக்தியைச் சொல்லிக் கையேந்துவதோடு சிதம்பரனார் நின்றுவிடவில்லை. சட்டப்படி பதிவு, எழுதப்பட்ட விதிகள், ஊரறிந்த தலைவர், பங்கின் விலை ஆகியவற்றைப் பணம் உள்ளவர் முன் வைத்தார்கள். வழக்கறிஞர் அல்லவா!

25 ரூபாய்ப் பங்குகளைத் தனித்தனியாக விற்றுக் கப்பல் வாங்குவதென்றால் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! அங்கேதான் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகப் பெருமகனார் முன்வந்தார். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். திட்டமிட்ட மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பகுதி. சில மேடைகளில் இதனை நன்கொடை என்று சொல்கிறார்கள். அது சரியன்று, அவர் வாங்கியவை பங்குகள். எனினும் எதிரே நின்ற கம்பெனியின் பலத்தை எண்ணிப் பார்த்தால், இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் எவரும் அத்தொகையை அங்கே போட்டிருக்க மாட்டார்.

முதலில் வாடகைக் கப்பலே ஓடியது. ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலால் அதுவும் பறிபோனது. சொந்தக் கப்பல் தேடிச் சிதம்பரனார் பம்பாய் சென்றபோது வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருந்தார். மனைவியோ நிறைமாதக் கர்ப்பிணி. கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மடிவேன் என்று அவர்கள் சூளுரைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

போட்டிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசமாகவும் ஏற்றிச் செல்ல முன்வந்தது. பெரும் பொருள் பெற்றுத் தொடங்கிய காரியத்துக்கு, அதைத் தாங்கி நடத்தவும் பொருள் வேண்டுமே! இதற்கிடையே 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. சிதம்பரனார் அதற்குத் தலைமை தாங்கினார்கள். மார்ச் 12ஆம் நாள் கைதானார்கள். 40 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. பொருள் கேட்டு அலைந்தவர் சிறையில் செக்கிழுக்க, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குதாரர்களின் பணம் போயிற்று.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அன்னாருக்கென்று காந்தியடிகளிடம் கொடுத்த பணம் நெடுநாள் சென்று, கடிதம் பல எழுதிய பின், 1916இல் வந்து சேர்ந்தது. அத்தொகை 347 ரூபாய் 12 அணா.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலேயே சிதம்பரனார் காலமானார்கள். இறக்குமுன் எழுதிய உயிலில், தாம் யார் யாருக்கு எவ்வளவு கடன் தரவேண்டும் என்பதையும் குறித்து வைத்திருந்தார்கள்.