ஓவியர் சிற்பி

நாமக்கல்லில் 1919-ஆம் ஆண்டில் பிறந்த பி. எம். சீனிவாசன் என்பாரே, பின்னாளில் சிற்பி என்று தமிழகம் போற்றிய சித்திரக்காரராவார். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை தூண்டியதனால் சென்னைக்கு வந்து ஓவியப் பள்ளியிற் பயின்றார். பின் ஆனந்த விகடனில் அமர்ந்தார். இவரது கை கோயிற் சிற்பங்களுக்கே உரியதெனக் கண்ட ஓவியர் மாலி, இப்பெயரைச் சூட்டினார். ஆலயந்தோறும் சென்று இவர் தீட்டியவை, ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் வரிசையில் வெளிவந்தன.

கல்லுருவை வரைவோன் உறுப்பினை மட்டும் நோக்கின் அளவு பிழைபடும். இடைக்கும் அதன்மேல் ஊன்றிய கைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தின் வடிவை நோக்கி, அதனை நிழலால் நிரப்பின், கை தானே தன் நிலையிற் பொருந்தும். உளி குடைந்த இடத்திற் பென்சிலின் கருமை படிய, தீண்டாது விட்ட வெள்ளைத் தாளே ஒளியுண்ட கல்லாகின்றது. சிற்பியின் படங்களில் நாம் வியப்பது இதுவே. கல் தேய்வதுண்டு, சிலை களவு போவதுமுண்டு. அப்பொழுது பிழையற்ற சித்திரமே சான்றாய் நிற்கும். ஆதலின் வெற்றிடத்தின் அளவும் பொய்த்தலாகாது.

சிற்பி 1983-ஆம் ஆண்டில் மறைந்தார். மயிலைக் கபாலீசுவரர் கோபுரத்தின்முன் பென்சிலுடன் நிற்கும் மாணாக்கர், சுதைப் பாவைகளை விடுத்து, அவற்றினிடையே உறையும் இருளை முதலில் வரைந்து பார்ப்பாராக.