கோடைக்கானலில் சூரியனை ஆராய்ந்தவர்

பழனியில் நின்று தெற்கே பாருங்கள். நீல நிறத்தில் மலைத்தொடர் தெரியும். அந்த மலையின் மேலே, கோடைக்கானலில், சூரியனை ஆராயும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்த்து உலகப் புகழ் பெற்றவர் ஜான் எவர்ஷெட்.

பஞ்சத்தில் பிறந்த எண்ணம்

1876-ம் ஆண்டில் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். கொங்கு நாட்டில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. சென்னை மாகாணம் எங்கும் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள்.

சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவற்றுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அறிஞர்கள் எண்ணினார்கள். சூரியனை நாள்தோறும் கவனிக்க ஏற்பாடு நடந்தது. 1899-ல் கோடைக்கானல் நிலையம் உருவாயிற்று.

கிரகணம் பார்க்க வந்தார்

எவர்ஷெட் 1864-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தார். ஓய்வு நேரம் முழுவதும் சூரிய ஆராய்ச்சிதான்.

நாம் தினமும் காண்பது சூரியனின் ஒளி அடுக்கு. அதன் உஷ்ணம் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு. அதற்கு மேலே மெல்லிய செந்நிற அடுக்கு. அதற்கும் மேலே வெண்மையான கொரோனா. அதன் உஷ்ணமோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல்! முழுக் கிரகணத்தில் சந்திரன் ஒளி அடுக்கை மறைக்கும்போதுதான் மேல் அடுக்குகள் இரண்டும் வெறும் கண்ணுக்குத் தெரியும்.

1898-ல் அப்படி ஒரு கிரகணம் இந்தியாவில் தெரிந்தது. எவர்ஷெட் கப்பல் ஏறி வந்து, செந்நிற அடுக்கின் ஒளியைப் படம் பிடித்தார்.

1906-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி மேரியும் வானநூல் கற்றவர். மறு ஆண்டு இருவரும் கோடைக்கானலில் குடியேறினார்கள்.

ஊர் சொன்னது ஒன்று, படம் சொன்னது ஒன்று

கரும்புள்ளி என்பது சுழலும் சூறாவளி என்று அப்போது பலர் நம்பினார்கள். எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் தேடினார்.

ரயில் நெருங்கும்போது ஊதல் ஓசை மாறுகிறது அல்லவா? ஒளியும் அப்படித்தான். சூரிய ஒளியை வானவில்போலப் பிரித்தால் அதில் கருங்கோடுகள் தெரியும். வாயு நம்மை நோக்கி வந்தால் அவை நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும்.

1909 ஜனவரியில் எடுத்த படங்களைப் பார்த்தார். சுழற்சியைக் காணோம்! புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வாயு வெளியே பாய்ந்து கொண்டிருந்தது.

பலரும் நம்பியதற்காக அவர் கண்டதை மாற்றவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தார். கண்டதை அப்படியே வெளியிட்டார். ஒளி அடுக்கில் வெளியே பாயும் வாயு, மேலே செந்நிற அடுக்கில் உள்ளே பாய்கிறது என்பதும் பிறகு தெளிவாயிற்று.

1911-ல் நிலையத்தின் தலைவரானார். 1918-ல் லண்டன் ராயல் வானநூல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அங்கும் சொந்தமாக நிலையம் அமைத்துச் சூரியனைக் கவனித்தார். 1956-ல், 92-ம் வயதில் காலமானார்.

கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லும் வழி கிடைக்கவில்லை. ஆனால், பஞ்சத்துக்கு விடை தேடிய மலையில் சூரியனின் ரகசியம் ஒன்று கிடைத்தது. உலகம் அதை இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது.